எம். ஜே. கோபாலனும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

விழுப்புரத்தில் சென்னை செல்லும் ரயிலேறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, திண்டிவனத்துக்கு அப்பால் ஒலக்கூரையும் பின்னே விட்டுவிட்டால், பழைய தென்னாற்காடு ஜில்லாவின் எல்லை முடிந்து செங்கற்பட்டு ஜில்லா ஆரம்பமாகிவிடும். அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் கிராமத்தில், பதிவேடுகளின்படி 1909-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி பிறந்த ஒருவர், இந்தியாவுக்காகக் கிரிக்கெட் டெஸ்ட் பந்தயமும் ஆடி, தியான் சந்தின் தலைமையில் ஹாக்கியும் ஆடி, 94 வயதுவரை வாழ்ந்து 2003-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காலமானார். மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்ற அந்தப் பெயர், கிரிக்கெட் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் நாவில் இன்றும் வருகிறதே ஒழிய, அவர் பிறந்த ஊருக்கு அடுத்த ஜில்லாக்காரர்களாகிய நம்மில் பெரும்பாலோருக்கு அறிமுகமாகாமலே இருந்துவருவது வருத்தத்துக்குரியது. அவருடைய வாழ்க்கையில் நம் பிள்ளைகளுக்கு உபயோகமான விஷயம் ஒன்று இருக்கிறதென்று நான் உறுதியாக நம்புவதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கோபாலன் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். அங்கே தெருவிலும் மைதானத்திலும் பந்து வீசிக்கொண்டிருந்த அந்த இளைஞரிடம் ஓர் அபூர்வமான திறமை இருப்பதைக் கண்டுகொண்டவர், அக்காலத்துச் சென்னை கிரிக்கெட்டில் பெரும் செல்வாக்கு வாய்ந்த சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவர் கண்டுகொண்டதோடு நிற்காமல், தாம் பணிபுரிந்த பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியிலேயே கோபாலனுக்கு ஓர் உத்தியோகமும் தேடிக்கொடுத்தார். ஜீவனத்துக்கு வழி கிடைத்தது. விளையாட்டுக்கு அவகாசமும் கிடைத்தது. திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்தின் வேகப்பந்து வீச்சாளராகத் தொடங்கிய அவர், 1934-ம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் பந்தயத்தில் இந்திய அணியில் இடம்பெற்றார். முதல் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதில் 7, பந்து வீச்சில் ஒரு விக்கெட்: ஒரு டெஸ்ட் வீரரின் முழுக் கணக்கும் அவ்வளவுதான், ஏனென்றால் அதற்குப்பின் அவருக்கு வேறொரு டெஸ்ட் வாய்க்கவேயில்லை.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த பந்தயத்தில், ரஞ்சிக் கோப்பை என்று இன்று நாம் அறியும் மாபெரும் போட்டியின் முதல் பந்தை மைசூரின் கர்ட்டிஸுக்கு வீசியவர் என்ற கீர்த்தி அவருக்கு நிலைத்துவிட்டது. மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. ராம்சிங் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, பந்தயம் ஒரே நாளில் முடிந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் அந்தப் போட்டியில் வீசப்பட்ட லட்சோப லட்சம் பந்துகளுக்கும் முந்திய பந்து, மொறப்பாக்கத்துக்காரர் கையிலிருந்து புறப்பட்டது.

மறு ஆண்டே, 1935-ல், அவர் கிரிக்கெட் பந்தை வைத்துவிட்டு ஹாக்கி மட்டையோடு கப்பலேறினார். தியான் சந்தின் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரயாணம் செய்த அந்த இந்திய அணி, ஆடிய 48 பந்தயங்களில் 584 கோல்களைப் போட்டது. அவற்றில் 201 தியான் சந்த் ஒருவரே போட்டவை. அப்படிப்பட்ட அணியில் இடம் பெறுவதே பெரிய யோக்கியதாபத்திரம். கோபாலனின் இடம் மைய அரணிடம், ஹாக்கி ஆடுகிறவர்கள் ‘சென்டர் ஹாஃப்’ என்று சொல்வது.

இங்கே சற்று நிற்க வேண்டும். மைய அரணில் ஆடுகிறவன் மைதானத்தின் முதுகெலும்பு. எதிரியின் தாக்குதலை முறிக்கப் பின்னே ஓட வேண்டும்; பந்து கைப்பட்ட மறுகணமே முன்னணிக்கு அதை ஊட்ட முன்னே திரும்ப வேண்டும்; இடுப்பை வளைத்துத் தரையோடு தரையாகக் குனிந்த நிலையிலேயே அக்காலத்து ஆட்டத்தின் எழுபது நிமிஷமும் ஓட வேண்டும். வேகப்பந்து வீசுகிறவனுக்கு வேண்டியதென்ன? சீரான ஓட்டம், கடைசி அடியில் இடுப்பும் தோளும் ஒருசேரத் திரும்புகிற லாகவம், பந்தை விடும் தருணத்தில் மணிக்கட்டின் சாமர்த்தியம், நாள் முழுதும் தளராத தொடை. ஒன்றில் சம்பாதித்த தேகபலம் மற்றொன்றுக்கு வட்டியோடு வந்து சேருவதை, அந்தக் காலத்தில் எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குச் சொல்லவில்லை; மாலையில் ஹாக்கியும் காலையில் கிரிக்கெட்டும் ஆடிய தேகமே அதை அறிந்திருந்தது. முதல்தரக் கிரிக்கெட்டில் 194 விக்கெட்டுகளை வீழ்த்திய அந்தத் தோள், ஹாக்கியினால் எதையும் இழந்ததாக நான் எண்ணவில்லை.

இனி 1936-க்கு வருவோம். அந்தக் கோடையில் விஜயநகரம் மகாராஜகுமாரைத் தலைவராகக் கொண்டு இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்ல ஏற்பாடாயிற்று. அதே கோடையில் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள். இரண்டு அணிகளிலும் இடம் பெறத்தக்க தகுதி கோபாலனுக்கு இருந்தது. இரண்டிலும் இருப்பது மட்டும் இயலாது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் ஆகிய மூன்று மைதானங்களில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. லாலா அமர்நாத்தை டெஸ்ட் பந்தயங்கள் ஆரம்பமாகுமுன்பே ஊருக்குத் திருப்பியனுப்பிவிட்ட பிரயாணம் அது. ஆட்டத்தைக் காட்டிலும் அந்தஸ்துக்கும் அபிமானத்துக்கும் அதிக மதிப்பிருந்த ஓர் அணியில், சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி உத்தியோகஸ்தருக்காகப் பேச யார் இருந்தார்கள்?

1936 ஆகஸ்டு 15-ம் தேதி காலையில் பெர்லினில் இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இறுதிப் பந்தயம் நடந்து, இந்தியா எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதே ஆகஸ்டு 15-ம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் ஆரம்பமாயிற்று. இங்கிலாந்தின் ஹாமண்டும் வொர்த்திங்டனும் நாள் முழுதும் இந்தியப் பந்துவீச்சை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினொருவரில் கோபாலன் இல்லை. எந்த அணி ஆடியதோ அதில் அவர் இல்லை. எந்த அணி ஜெயித்ததோ அதிலும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக, ‘பாவம், தவறான முடிவெடுத்து ஒலிம்பிக் தங்கத்தைக் கோட்டைவிட்டார்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. கோபாலன் எடுத்த முடிவில் தவறொன்றுமில்லை. அவரை அப்படியொரு முடிவெடுக்கும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாக்கியதுதான் தவறு. ஒரு சிறு விவரத்தைக் கவனித்தால் இது விளங்கும். பெர்லின் சென்று இறங்கிய இந்திய ஹாக்கி அணி, ஜெர்மனியுடன் ஆடிய பயிற்சிப் பந்தயத்தில் தோற்றுப்போயிற்று. அதிர்ச்சியடைந்த நிர்வாகிகள் உடனே இந்தியாவுக்குத் தந்தியடித்து ஆள் கேட்டார்கள். தாரா என்னும் வீரர் விமானத்தில் பறந்துவந்து அரையிறுதிக்குள் அணியில் சேர்ந்துகொண்டார். அந்தக் காலத்து விமானத்தில் இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து சேர முடிந்ததென்றால், டெஸ்ட் எதிலும் ஆடாமல் இங்கிலாந்திலேயே இருந்த ஒருவரை இரண்டு வார காலத்துக்குப் பெர்லின் அனுப்புவதற்கு, கிரிக்கெட் வாரியமும் ஹாக்கி சம்மேளனமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் போதாதா? இரண்டு நிர்வாகங்களும் தேசத்தின் பெயரால்தான் நடந்தன. ஆயினும் ஒரு வீரனைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் இரண்டுக்குமே உதித்ததாகத் தெரியவில்லை.

கோபாலனோடு அதே கிரிக்கெட் அணியில் இங்கிலாந்து சென்ற இன்னொருவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் விஷயம் பூர்த்தியாகாது. கோட்டா ராமஸ்வாமி, சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் புதல்வர், கேம்பிரிட்ஜில் படித்தவர், 1922-ம் ஆண்டிலேயே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவின் சார்பில் ஆடியவர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 40 வயது நிரம்பிய பின், மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடி 40-ம் 60-ம் எடுத்தார். ஓவலில் 29-ம், ஆட்டமிழக்காமல் 41-ம் எடுத்தார். நாற்பது வயதில் அந்தக் கால்களும் கண்களும் அப்படி வேலை செய்ததற்கு டென்னிஸ் மைதானத்தின் நீண்ட பயிற்சியும் ஒரு காரணம் என்று நான் கருதினால் அது மிகையாகாது.

ஆக, ஒரே அணியில், ஒரே நகரத்திலிருந்து சென்ற இருவர், இரண்டிரண்டு விளையாட்டுகளில் தேசத்தின் பிரதிநிதிகள்! உலகம் முழுதும் தேடினாலும் இப்படியொரு சேர்க்கை எளிதில் அகப்படாது. இருப்பினும் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசமுண்டு. ராமஸ்வாமிக்குக் குடும்பச் செல்வாக்கு இருந்தது. கிரிக்கெட்டை உயிராகக் கொண்ட தந்தையின் வீட்டில் பிறந்தவர் அவர். டென்னிஸா கிரிக்கெட்டா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, இரண்டும் அததன் காலத்தில் அவரிடம் வந்தன. கோபாலனுக்கோ உத்தியோகம் விளையாட்டினால் வந்தது. ஒவ்வொரு பிரயாணமும் யாரோ ஒருவரின் அனுமதியையும் தயவையும் எதிர்பார்த்தது. கேள்வி எழுந்ததும் ஒன்றை விட்டாக வேண்டிய நிலை அவருக்குத்தான் வந்தது. இரண்டு விளையாட்டு என்கிற சுதந்திரம் வசதியுள்ளவனுக்குத் தானே கிட்டுகிறது; வசதியில்லாதவனுக்கு யாராவது அதை ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வித்தியாசம் 1936-ஓடு முடிந்துபோகவில்லை என்பதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன்.

விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்து மைதானத்துக்கு ஒரு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வெறுங்காலோடு வளையத்தைச் சுற்றி ஓடுகிற பெண்பிள்ளைகளும், கைப்பந்து வலைக்கருகே குதித்துப் பழகுகிற பையன்களும், மண்ணில் கோடு கிழித்துக் கபடி ஆடுகிறவர்களும் தென்படுவார்கள். மரக்காணம் கரையோரத்துப் பிள்ளை கடலில் நீந்தப் பழகியவன், மாலையில் மணலில் கபடி பாடிப் போகிறவன். செஞ்சி மலையடிவாரத்துப் பிள்ளைக்கு ஏறவும் இறங்கவும் கால்கள் பழகியிருக்கின்றன. திண்டிவனத்து வீதிகளில் விடுமுறை நாளெல்லாம் கிரிக்கெட். ஒரே பிள்ளை காலையில் ஓடுவதும், நண்பகலில் பந்தடிப்பதும், மாலையில் கபடி பிடிப்பதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணம். இந்தப் பன்முகத் தேர்ச்சி இயற்கையாகவே வாய்த்திருக்கிற அந்தப் பிள்ளைக்கு நாம் செய்வதென்ன? பத்து, பன்னிரண்டு வயதில் ‘உன் கேம் எது?’ என்று கேட்கிறோம். விளையாட்டு விடுதியில் இடம் வேண்டுமானால் ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். சேர்ந்தபின் அந்த ஒன்றைத்தான் ஆட வேண்டும். பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். அரசு உத்தியோகத்தில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள மூன்று சதவீத இடத்தில் கண் வைத்து, எந்த விளையாட்டில் சீக்கிரம் சர்டிபிகேட் கிடைக்கும் என்று பி.டி. வாத்தியாரிடம் விசாரிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஏழைக் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் ஒரு வாழ்வு. ஆனால் நகரத்துப் பெரிய பள்ளிகளில் பயிலும் பிள்ளை திங்களன்று நீச்சலும், புதனன்று டென்னிஸும், சனிக்கிழமை கிரிக்கெட்டுமாகப் பழகிப் பதினாறு வயதில் ஆற அமரத் தன் வழியைத் தேர்ந்துகொள்ளுகையில், நம் பிள்ளை மட்டும் பன்னிரண்டு வயதிலேயே ஒரு கோட்டுக்குள் நின்றுவிட வேண்டுமென்பது எந்த வகையில் நியாயம்?

மருத்துவர்களின் அபிப்பிராயமும் இதற்கு மாறாக இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயதுவரை ஒத்திப்போடுவதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லதென்று கூறியிருக்கிறது. வளரும் எலும்பில் ஒரே மூட்டு, ஒரே தசை, ஒரே அசைவு நாள்தோறும் திரும்பத் திரும்ப வேலை வாங்கப்பட்டால் காயம் மிகுகிறது. உற்சாகம் வற்றி, ஆட்டத்தையே விட்டுவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

‘அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு; இன்று ஆண்டு முழுதும் பந்தயம், இரண்டு படகில் கால் வைத்தால் இரண்டும் போய்விடும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் பாதி உண்மை. உச்சத்துக்குப் போனபின் பெரும்பாலோர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் நேர்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில கலைகளுக்கு இளமையிலேயே தீவிரப் பயிற்சி தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி, 2007-ம் ஆண்டில் தம் பதினாறாம் வயதில், சில நாட்கள் இடைவெளியில் கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் தேசிய அணிக்கு ஆடினார். 2011-ம் ஆண்டு மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகக் கோல் போட்டார். பிறகே கிரிக்கெட்டில் முழுக் கவனத்தையும் செலுத்தி உலகின் தலைசிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவரானார். அவரும் ஒரு கட்டத்தில் ஒரு கால்பந்துக் குழுவால் ‘ஒன்றைத் தேர்ந்துகொள்’ என்று நெருக்கப்பட்டவரே. வேறு குழுவுக்கு மாறிப்போய் இரண்டையும் இன்னும் சில காலம் தொடர்ந்தார். செக் நாட்டுப் பெண் எஸ்டர் லெடெட்ஸ்கா 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கிலும் பனிப்பலகையிலுமாக இரண்டு தங்கம் வென்றார். காலம் மாறிவிட்டது என்பது உண்மை. ஆனால் மாறிய காலத்திலும் இது நடக்கிறது.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பள்ளியில் ஒரே ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால், அவருக்குத் தெரிந்த ஆட்டமே அந்தப் பள்ளியின் ஆட்டம். ஹாக்கி மட்டையைக் கையால் தொடாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! கோபாலனின் கையில் யாராவது ஒருவர் ஹாக்கி மட்டையைக் கொடுத்திராவிட்டால், அந்த மைய அரண் வீரனை உலகம் அறிந்திருக்குமா?

செய்ய வேண்டியது பெருஞ்செலவுக்குரிய காரியமுமல்ல. விளையாட்டு விடுதிகளில் சேரும் பிள்ளைக்கு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பிரதான விளையாட்டோடு இன்னொன்றையும் முறையாகப் பயிற்றுவிக்கலாம். தேர்வின்போதே ‘இவனுக்கு எந்த ஆட்டம் வரும்’ என்று பார்ப்பதற்கு முன், ஓட்டம், தாண்டல், பிடி, எறிதல், கண்ணும் கையும் ஒத்துழைக்கிற பாங்கு ஆகியவற்றைப் பொதுவாகப் பார்க்கலாம். மாவட்டப் போட்டிகளின் நாள்களை வகுக்கிறவர்கள், தடகளமும் கபடியும், கைப்பந்தும் ஹாக்கியும் ஒரே நாளில் மோதாதபடி, ஒருவரையொருவர் கலந்துகொண்டு நாள் குறிக்கலாம். திண்டிவனத்திலிருந்து காலைப் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து சேரும் ஒரு பிள்ளை, தனக்கு வரும் இரண்டு பந்தயங்களில் ஒன்றை விட்டுவிட்டு ஊர் திரும்பும்படி நேரக் கூடாது. சர்டிபிகேட் விஷயத்திலும், ஒரு விளையாட்டில் மாநிலம் வரை சென்றவர் மற்றொன்றிலும் ஜில்லா அளவில் திறமை காட்டியிருந்தால், அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்று அரசு அறிவித்துவிட்டால், பெற்றோரின் கணக்கே மாறிவிடும்.

கோபாலனைச் சென்னை முற்றிலும் மறந்துவிடவில்லை. அவர் கிரிக்கெட்டுக்கு வந்த வெள்ளிவிழாவை முன்னிட்டு 1952-53 பருவத்தில் அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்படுத்தப்பட்டது. சென்னையும் இலங்கையும், இலங்கை டெஸ்ட் தகுதி பெறும் காலம்வரை, அந்தக் கோப்பைக்காக இங்குமங்குமாக ஆடிவந்தன. இலங்கையின் கிரிக்கெட் பெரிதாக வளர்வதற்கு அந்தப் பந்தயங்கள் நல்லதொரு பயிற்சிக் களமாக இருந்தன. ஒலக்கூருக்கு இப்பாலும் அவர் பெயர் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை. விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தி, அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் இரண்டு விளையாட்டுகளில் ஆட வேண்டும், இரண்டிலும் பெறும் புள்ளிகளைச் சேர்த்தே வெற்றி தீர்மானிக்கப்படும் என்று விதி வகுத்து, அதற்குக் கோபாலன் பெயரைச் சூட்டலாம். மாவட்ட நிர்வாகமும், விளையாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலரும், மாவட்டக் கிரிக்கெட், ஹாக்கி சங்கத்தாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.